தவமலர் ரீச்சரும் காலையில் மட்டும் நின்றுபோன கணினியும்

தவமலர் ரீச்சர் இறந்த செய்தி வவுனியா பேருந்து நிலையத்தில் வைத்து எனக்குக் கிடைத்தது. வேறோர் அலுவலாக நெடுங்கேணி பேருந்தில் ஏறி, அது புறப்படுவதற்காகக் காத்திருந்தேன். பழைய அலுவலக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் அவருடைய படம் வந்தது. அதன் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. பிறகு, அந்த நாட்களில் எங்களுக்குப் பணிப்பாளராக இருந்து இப்போது ஓய்வுபெற்றிருப்பவரின் அஞ்சலிக் குறிப்பு வந்தது. “அமைதியே உருவானவர். எவருடனும் முரண்படாதவர்.” அதற்கும் கூப்பிய கைகள் வந்தன.

அந்த இரண்டு வாக்கியங்களுக்கு மறுப்பாகவே இதை எழுதுகிறேன். ரீச்சரோடு பணியாற்றியவர்களும் அவரிடம் கணினி படித்தவர்களும் இதை வாசிப்பார்கள் என்று தெரியும். அவர் முரண்பட்டார். ஒருமுறை, மிகத் தெளிவாக, எழுத்தில், கையொப்பத்தோடு முரண்பட்டார். யாரோடு என்பதை அந்தக் குறிப்பை எழுதியவர் மறந்திருக்கலாம். அலுவலகத்தின் பெயரையோ அவருடைய பெயரையோ நான் எழுதப் போவதில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

ரீச்சர் பௌதிகவியல் பட்டதாரி. எங்கள் கல்வி அலுவலகத்தின் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார்; கணினி வகுப்புகளும் எடுத்தார். நானும் அதே பிரிவில் வேலை செய்தேன். அவருடைய பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து நெடுங்கேணிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அதை நினைவூட்டுவதில் சிலருக்கு ஓர் இன்பம் இருந்தது. ஒருநாள் தேநீர் வேளையில் ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டு கேட்டார்: “ரீச்சர், உங்கட சொந்த ஊர் எது?”

“நெடுங்கேணி.”

“அது சரி. அதுக்கு முதல்?”

“அம்மான்ர வயிறு” என்றார் ரீச்சர். கோப்பையை வைத்துவிட்டு, “உங்களுக்கு அதுக்கு முதல் வேற இடம் இருந்ததோ?” என்றும் கேட்டார். இந்தப் பெண்ணைத்தான் அமைதியே உருவானவர் என்கிறார்கள்.

ஓர் ஆண்டு மாரி மழை பிடித்த நாட்களில் எங்கள் பிரதான கணினி நின்றுபோகத் தொடங்கியது. ஆசிரியர் இடமாற்றத்துக்கான விபரங்கள் முழுவதும் அதில்தான் பதியப்பட்டன. வேலை நடந்துகொண்டிருக்கும், திடீரென்று திரை அப்படியே உறைந்துவிடும். அம்புக்குறி அசையாது. எந்த விசைக்கும் பதில் இராது. மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். சேமிக்காத பதிவுகள் எல்லாம் போய்விடும். விபரங்கள் மேலிடத்துக்குப் பிந்திப் போயின. இடமாற்றத்துக்காகக் காத்திருந்த ஆசிரியர்கள் பணிப்பாளரின் கதவடியில் வந்து நின்று சத்தம் போட்டார்கள். மேலிடத்திலிருந்தும் தொலைபேசி வந்தது. அவருக்கு அவசரமாக ஒரு குற்றவாளி தேவைப்பட்டார்.

அந்தக் கணினியில் பதிவு வேலை செய்தவர் சசிகரன். நாற்பதை நெருங்கிய மனிதர், ஒப்பந்த அடிப்படையில் வேலை, இரண்டு பெண்பிள்ளைகள். போருக்குப் பிறகு, முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு வந்தவர். இடைக்கிடை வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போகிறவர்கள் அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வாசலில் அறிமுகமில்லாத மோட்டார் சைக்கிள் நின்றால் மனைவி பிள்ளைகளைக் குசினிக்குள் அழைத்துக்கொள்வார் என்று ஒருமுறை எங்களிடம் சொல்லியிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பணிப்பாளர் எங்களைத் தன் அறைக்கு அழைத்தார். ரீச்சர், நான், நிர்வாக உத்தியோகத்தர் மூவரும் போனோம். மேசையில் பொலிசுக்கு எழுதிய முறைப்பாடு இருந்தது. அதில் ‘நாசவேலை’ என்ற சொல் இருந்தது. நான் அதைத் தலைகீழாகவே வாசித்தேன்.

“மெசின் புதுசு” என்றார் பணிப்பாளர். “எல்லாரும் இருக்கேக்க நல்லா வேலை செய்யுது. அவன் இருந்தா மட்டும் நிக்குது. அவன் முந்தி என்ன வேலை பாத்தவன் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.”

“சொல்லத் தேவையில்லாட்டி ஏன் சேர் சொல்லுறியள்?” என்றார் ரீச்சர்.

பணிப்பாளர் முறைப்பாட்டைத் தட்டி, ரீச்சரையும் என்னையும் பார்த்தார். “வெள்ளிக்கிழமை பின்னேரம் இது போகும். அதுக்கு முதல் நீங்கள் ரெண்டு பேரும் பாத்து ஒரு அறிக்கை தாருங்கோ. ஒழுங்கா விசாரிச்சதெண்டு இருக்கட்டும்.”

ஒரு பட்டதாரி, சைவ சமயப் பேச்சாளர், பரிசளிப்பு விழாக்களில் அறம் பற்றிப் பேசுகிறவர் இதைச் சொன்னார். நாசவேலை என்ற சொல் சசிகரனைப் போன்ற ஒருவரின் பெயருக்கருகே எழுதப்பட்டால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. வன்னியில் அது எல்லோருக்கும் தெரியும். வேலை போவது அதில் மிகச் சிறிய பகுதி.

அன்று பின்னேரமே ரீச்சர் அந்தக் கணினியின் முன்னால் அமர்ந்தார். பெரிய கோப்புகளைத் திறந்தார். ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கொடுத்தார். கணினி ஒரு குறையுமின்றி ஓடியது. கதவருகே நின்ற பணிப்பாளர், “பாத்தியளே, உங்கட கைக்கு நிக்குதில்லை” என்று சொல்லிவிட்டுப் போனார். சசிகரன் சுவரோரம் நின்றார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒழுங்காக இயங்கும் ஓர் இயந்திரம் ஒரு மனிதனுக்கு எதிராகச் சாட்சி சொல்வதை அன்றுதான் கண்டேன்.

ரீச்சர் திரையை அணைத்துவிட்டுத் திரும்பினார். “தம்பி, இது நிக்கிறது எப்ப? காலமையோ பின்னேரமோ?”

“காலமைதான் கூட, ரீச்சர். மழை பெய்த காலமை எண்டால் நிச்சயம். பத்து மணிக்குப் பிறகு குறைவு.”

“காலமை வந்து முதல் போடுறது ஆர்?”

“நான்தான். மற்றவையள் பின்னேரம்தானே இதில வந்து இருக்கிறவை.”

ரீச்சர் என்னைப் பார்த்தார். “அப்ப ஆளைப் பாத்து நிக்கேல்லை சேர். நேரத்தைப் பாத்து நிக்குது.”

சந்தேகத்தைப் பற்றி அவருக்கு ஓர் உறுதியான கருத்து இருந்தது. வகுப்புகளிலும் சொல்வார்: “சந்தேகம் வாறது பிழையில்லை. அதை முதல் ஆளில வைக்காமச் சாமானில வையுங்கோ. சாமான் கோவிக்காது, ஒளிக்காது, அழாது. ஆர் செய்தது எண்டு பிறகு பாப்பம். என்ன நடந்தது எண்டு முதல் பாப்பம்.”

புதன்கிழமை விடியற்புறம் மழை பெய்திருந்தது. அலுவலகம் திறந்ததும் ரீச்சர் பணிப்பாளரின் அறைக்குப் போய், மிக மரியாதையாக அவரை அழைத்து வந்து அந்தக் கதிரையில் இருத்தினார். “சேர், நீங்களே போடுங்கோ. சசி தம்பி முற்றத்தில நிக்கட்டும்.” சசிகரன் வெளியே வேப்பமரத்தின் கீழே போய் நின்றார். பணிப்பாளர் கணினியைத் தொடங்கி, தன் சொந்தக் கடிதம் ஒன்றைத் தட்டச்சுச் செய்தார். நாங்கள் பின்னால் நின்றோம்.  இரண்டாவது பந்தியின் நடுவில் எழுத்துகள் நின்றன. பணிப்பாளர் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். திரையின் மூலையிலிருந்த மணிக்கூடும் நின்றுவிட்டிருந்தது.

ரீச்சர் அவருடைய தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, விசைப்பலகையில் எண்களுக்கான பூட்டு விசையை அழுத்தினார். அதன் சிறு விளக்கு மாறவில்லை. “ஒரு புரோகிராம் மட்டும் நிண்டா இந்த லைற் மாறும். இது அடியில நிக்குது சேர்.” பிறகு குரலை மாற்றாமலே சொன்னார்: “உங்கட கைக்கும் நிக்குது. உங்களையும் பொலிசுக்கு அனுப்புவமோ?”

நிர்வாக உத்தியோகத்தர் இருமினார். பணிப்பாளர் எழுந்தார். “அவன் உள்ளுக்கு ஏதும் வைரசைப் போட்டிருப்பான். ஆர் இருந்தாலும் நிக்கும்” என்றார். அவருடைய வாதம் ஒரே நிமிடத்தில் தலைகீழாக மாறியது. குற்றவாளி மட்டும் மாறவில்லை.

வியாழக்கிழமை காலை ரீச்சர் அந்த வாதத்தை எடுத்துக்கொண்டார். கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். ஹாட் டிஸ்க்கை வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்க மேசையில் வைத்தார். “சசிகரன் பதிஞ்சதும் போட்டதும் எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. வைரஸ் இருந்தாலும் இதிலதான். இப்ப இது வெளியில.” அடுத்த அறைக் கணினியின் டிஸ்க்கை அதில் பூட்டித் தொடங்கினார். காத்திருந்தோம். வாழ்க்கையில் ஓர் இயந்திரம் பழுதாக வேண்டுமென்று நான் மனதார விரும்பியது அந்த ஒரு தடவைதான். மின்விசிறி சுழலும் சத்தம் மட்டும் கேட்டது. மணிக்கூடு ஓடியது; ஓடியது; நின்றது.

நான் மூச்சு விட்டேன். ரீச்சர் விடவில்லை. “இன்னும் முடியேல்லை. ஏன் எண்டு தெரியவேணும்.”

அவருடைய முறை எளிமையானது; ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுவார். மாற்றியதை இயக்கிப் பார்ப்பார். பயனில்லையென்றால் பழையபடி பூட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். “ரெண்டை ஒண்டாய் மாத்தினா, எதால சுகம் வந்ததெண்டு தெரியாது” என்பார். மின்சாரம் வழங்கும் பவர் சப்ளையை மாற்றினார், அப்போதும் நின்றது. நினைவகத்துக்கான ராம் அட்டைகள் இரண்டு இருந்தன. இரண்டையும் கழற்றி, ஒன்றின் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் தேய்த்து முதலாவது இடத்தில் பூட்டினார், நின்றது. அதே அட்டையை மற்றப் பொருத்துமிடத்துக்கு மாற்றினார், நிற்கவில்லை. அடுத்த அட்டையை முதலாவது இடத்தில் பூட்டினார், உடனே நின்றது. “அட்டையில பிழையில்லை. இருக்கிற இடத்திலதான்” என்று சொல்லிவிட்டு, “சேர், லைற்றைப் பிடியுங்கோ” என்றார்.

என் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் மதர்போட்டின் அந்தப் பகுதியைக் குனிந்து பார்த்தோம். பொருத்துமிடத்தின் ஓரத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குப் பிடித்திருந்தது. அதைச் சுற்றி, உலர்ந்த துளிகளின் வட்டங்கள். வட்டங்களின் நிறம் மஞ்சள். ரீச்சர் மெல்லிய தூரிகையால் கொஞ்சம் சுரண்டி விரல்நுனியில் எடுத்தார், முகர்ந்தார், என்னிடம் நீட்டினார். எந்தச் சைவ வீட்டிலும் பிறந்தவனுக்கு அந்த மணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருவரும் பெட்டியின் மேற்பக்கத்தைப் பார்த்தோம். சூடு வெளியேறுவதற்கான துளைகள் அங்கே வரிசையாக இருந்தன. மற்றக் கணினிகள் பழையவை. அவற்றுக்கு மேலே துளைகள் இல்லை.

அந்த ஆண்டு அலுவலகத்தில் சரஸ்வதி பூசையோடு நடந்த வாணி விழாவில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். புதுக் கணினி என்பதால் அதற்கே முதல் மரியாதை. சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, பக்கத்தில் கும்பம் வைத்தார்கள். பூசை முடிந்ததும் பணிப்பாளர் தானே முன்வந்து, மாவிலையால் கும்பத்து மஞ்சள் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்தார். மூன்று முறை அள்ளித் தெளித்தார். நாங்கள் கைகூப்பி நின்றோம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பும் உப்பும் இருக்கிறதென்று தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். துளைகளுக்குள்ளால் இறங்கிய தண்ணீர் காய்ந்தது, உப்பு தங்கியது. மாரி தொடங்கியதும் இரவு ஈரத்தை அது குடித்து, காலையில் மின்சாரத்துக்குக் கள்ள வழி காட்டியது. பத்து மணிக்குள் பெட்டி சூடேறும், ஈரம் உலரும், இயந்திரம் நல்லதாகிவிடும். அதற்குப் பிறகு வந்து இருப்பவர்களெல்லாம் குற்றமற்றவர்கள்.

ரீச்சர் சசிகரனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் அதிர்ச்சியடையவில்லை. “உமக்குத் தெரியுமே?” என்றார் ரீச்சர்.

“தண்ணி போனதைக் கண்டனான். அதாலயாத்தான் இருக்குமெண்டு நினைச்சனான்.”

“ஏன் தம்பி வாயைத் திறக்கேல்லை?”

“ரீச்சர், பணிப்பாளர்தான் மெசினைப் பழுதாக்கினவர் எண்டு நான் போய்ச் சொன்னா, அதுக்கும் சேர்த்தெல்லோ எழுதுவினம்?”

 ரீச்சர் பக்கத் தகட்டை எடுத்து மேசையில் வைத்த சத்தம் சற்றுப் பலமாகக் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை அறிக்கையோடு போனோம். பணிப்பாளர் வாசித்தார், அவருடைய காது சிவந்தது. “நீங்கள் தெய்வ காரியத்தைக் குற்றம் சொல்லுறியள்.”

“நான் வருசா வருசம் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போறனான் சேர்” என்றார் ரீச்சர். “அம்மாளாச்சிக்கு மஞ்சள் தண்ணி பிடிக்கும். மதர்போட்டுக்குப் பிடிக்காது.”

பணிப்பாளர் சிரிக்கவில்லை. குரலை இறக்கி ஒரு சமாதானம் சொன்னார். முறைப்பாட்டைக் கிழித்துவிடலாம். அறிக்கையில் ‘பழுதுக்கான காரணம் தெரியவில்லை’ என்று மட்டும் எழுதினால் போதும். யாருக்கும் பிரச்சினை இல்லை. அங்கிருந்த நிர்வாக உத்தியோகத்தர் அவசரமாகத் தலையாட்டினார். ரீச்சர் அதை ஏற்றிருந்தால் நாங்கள் எல்லோரும் அதை விவேகம் என்று பாராட்டியிருப்போம்.

“காரணம் தெரியும் சேர். தெரியாது எண்டு எழுத மாட்டன்.”

“ஏன் ரீச்சர் பிடிவாதம்? அவனுக்குத்தான் ஒண்டும் வராதே.”

“இண்டைக்கு வராது. தெரியாது எண்டு எழுதினா அந்த இடம் வெறுமையா இருக்கும். நாளைக்கு இன்னொண்டு பழுதாகேக்க, அந்த வெறுமையில நீங்கள் அவன்ர பேரை எழுதுவியள்.”

பணிப்பாளர் என்னைப் பார்த்தார். நான் பேனையை எடுத்து ரீச்சரின் கையொப்பத்துக்குக் கீழே என் கையொப்பத்தை இட்டேன். முறைப்பாடு அன்று போகவில்லை, பிறகும் போகவில்லை. மதர்போட் மாற்றப்பட்டது. சசிகரனின் ஒப்பந்தமும் தொடர்ந்தது.

அடுத்த இடமாற்றத்தில் ரீச்சருக்கு முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு பாடசாலை கிடைத்தது. அங்கே கணினி அறை என்று ஒன்று இருக்கவில்லை. ‘சேவையின் தேவை கருதி’ என்று எழுதியிருந்தது. கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்கான சொற்றொடர்! என் கையொப்பமும் அதே தாளில் இருந்தது. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. யாரை அனுப்பினால் கேட்பதற்கு ஆளில்லை என்பதை அந்த மனிதர் கணக்கிட்டுத்தான் செய்தார். மேன்முறையீடு செய்யச் சொன்னேன். நானும் எழுதினேன். எங்கள் இருவரின் கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. கடைசிவரை ரீச்சர் அந்தப் பாடசாலைக்கே இரண்டு பேருந்து மாறிப் போய்வந்தார். இருதய நோய் இருப்பது தெரிந்த பிறகும் போனார். ஒருநாள் வவுனியா வைத்தியசாலையின் கிளினிக்கில், நீள வாங்கில் என்னருகே இருந்தபடி சொன்னார்: “இப்ப எனக்கு உள்ளுக்குப் பழுது, சேர். டொக்டர் ஒரே நேரத்தில நாலு மருந்தை மாத்திறார். எதால சுகம் வந்ததெண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?” இருவரும் சிரித்தோம். அவர் சிரித்து நான் கேட்டது அதுவே கடைசி.

நெடுங்கேணியில் செத்தவீட்டுக்குப் பணிப்பாளரும் வந்தார். வெள்ளை வேட்டி, முகத்தில் பொருத்தமான துயரம். என் பக்கத்தில் வந்து நின்று, “பாவம், நல்ல மனிசி” என்றார்.  முற்றத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் சசிகரன். காலையிலிருந்து அவர்தான் எல்லாம் பார்த்தார். பணிப்பாளருக்கும் ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். பணிப்பாளர் அமர்ந்துகொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி ஆர்? ரீச்சரின்ர சொந்தமோ?”

அவருடைய முகத்தில் நடிப்பு இல்லை. உண்மையாகவே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தன் கையால் எழுதிப் பொலிசிடம் மாட்டிவிட இருந்த மனிதரின் முகத்தை அவர் ஒருநாளும் பார்த்திருக்கவில்லை.

சசிகரன் கதிரை துடைத்த துணியைத் தோளில் போட்டார். “ஓம் சேர், சொந்தம்தான்” என்றார். பிறகு அடுத்த கதிரையை எடுக்கப் போனார்.

ரீச்சரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்றுதான். தெரிந்த காரணத்தைத் தெரியாது என்று எழுத என் கை இனி வளையாது. அவர் ஏன் அந்தக் கரைக்கு அனுப்பப்பட்டார் என்பதற்கான காரணமும் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதிவிட்டேன்.